எப்வர்த் வீட்டு வியாழக்கிழமை

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், நம்மூரில் முதலில் எழும் கேள்வி "அப்போ பரீட்சை எப்படி எழுதுவான்?" என்பதுதான். அமெரிக்காவில் ஹோம் ஸ்கூலிங் எனப்படும் வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்த கிறிஸ்தவப் பெற்றோரைக் கேட்டால் பரீட்சைக்கு அவர்கள் பட்டியலில் கொஞ்சம் தள்ளித்தான் இடம். முதலில் விசுவாசம், அடுத்தது குணம், அப்புறம்தான் கணக்கும் இலக்கணமும். அந்நாட்டுக் கல்வித்துறை 2007-ல் எடுத்த கணக்கில் சுமார் 15 லட்சம் பிள்ளைகள் வீட்டிலேயே படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் பெற்றோரில் 36 சதவீதம் பேர் சொன்ன முக்கியமான காரணம் மத, ஒழுக்கப் போதனை.

இது எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் கட்டாயப் பள்ளிக்கல்விச் சட்டத்தை முதலில் போட்ட மாநிலம் மாசசூசெட்ஸ், 1852-ல். கடைசியாகப் போட்டது மிசிசிப்பி, 1918-ல். அதன் பிறகும் பல காலம் அரசுப் பள்ளிகளில் காலை ஜெபமும் வேதாகம வாசிப்பும் பல ஊர்களில் நடந்துகொண்டுதான் இருந்தன. 1962-லும் 1963-லும் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டும், அரசுப் பள்ளி தானே முன்னின்று ஜெபம் நடத்துவதும் வேதம் வாசிக்க வைப்பதும் கூடாது என்றன. பள்ளிக்கூடம் கடவுளை வெளியே அனுப்பிவிட்டது என்று பல பெற்றோர் நினைத்தார்கள். சிலர் சர்ச்சோடு சேர்ந்த பள்ளிகளைத் தேடினார்கள், சிலர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தாங்களே பாடம் எடுக்க ஆரம்பித்தார்கள். 1975-ல் ரேமண்ட் மூர், டோரத்தி மூர் தம்பதியின் புத்தகம் ஒன்று, சின்னப் பிள்ளைகளை அவசரப்பட்டுப் பள்ளியில் சேர்ப்பதே தப்பு என்று வாதாடி இவர்களுக்குத் தெம்பு கொடுத்தது. 1983-ல் இவர்களுக்காக வழக்காட ஒரு சங்கமே உருவானது. 1993 வாக்கில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும் என்ற நிலை வந்துவிட்டது.

இந்த வீடுகளில் புழங்கும் புத்தகங்களிலும் பேச்சுகளிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு பெயர் உண்டு. சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா. 'இதோ பாருங்கள், ஒரு தாய் வீட்டிலேயே வளர்த்த பிள்ளைகள்' என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உதாரணம் நல்ல உதாரணம்தான். ஆனால் கதையை முழுசாகச் சொல்பவர்கள் குறைவு.

சூசன்னா 1669-ல் லண்டனில் பிறந்தார், ஒரு போதகருக்கு 25-வது பிள்ளையாக! 1688-ல் சாமுவேல் வெஸ்லியை மணந்தார். அவரும் போதகர், கவிஞர், கடன்காரர். இங்கிலாந்தின் லிங்கன்ஷையர் பகுதியில் எப்வர்த் என்ற ஊரின் ஆலயப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. சூசன்னாவுக்குப் பிறந்தவை 19 பிள்ளைகள். பிழைத்து வளர்ந்தவர்கள் பத்துப் பேர், ஏழு பெண்கள், மூன்று ஆண்கள். 1705-ல் கணவர் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் சில மாதம் இருந்தார். வரவு எட்டணா செலவு பத்தணா குடும்பம்தான் அது. இந்த நிலைமைக்கு நடுவில்தான் அந்த அம்மா தினமும் ஆறு மணி நேரம் பள்ளிக்கூடம் நடத்தினார்.

காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை. பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்த மறுநாள் பாடம் ஆரம்பம். அதற்கு முந்தின நாளே வீட்டை ஒழுங்குபடுத்தி, யார் யாருக்கு என்ன வேலை என்று சொல்லி வைத்துவிடுவார். பாட நேரத்தில் அந்த அறைக்குள் யாரும் நுழையக் கூடாது. முதல் நாளே எழுத்து முழுவதும் தெரிந்துவிட வேண்டும். மூத்தவன் சாமுவேல் சில மணி நேரத்திலேயே படித்துவிட்டான். மாலிக்கும் நான்சிக்கும் மட்டும் ஒன்றரை நாள் ஆனதாம். அதற்கே 'மந்தம்' என்று நினைத்துவிட்டாராம் அம்மா. (26 எழுத்துக்கு ஒரு நாள் சரி. நம்முடைய 247-ஐக் கொடுத்திருந்தால் என்ன கணக்குப் போட்டிருப்பாரோ!) எழுத்து தெரிந்ததும் அரிச்சுவடி கிடையாது. நேராக ஆதியாகமம் முதல் அதிகாரம், ஒவ்வொரு வசனமாக. பாடத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் சங்கீதம் பாடித்தான்.

வீட்டுக்கென்று சட்டங்களும் இருந்தன. பயத்தால்தான் பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள், அதனால் தப்பை ஒப்புக்கொண்டால் அடி கிடையாது. ஒரு தப்புக்கு இரண்டு முறை தண்டனை கிடையாது, பிறகு அதைச் சொல்லிக் காட்டவும் கூடாது. சந்தோஷப்படுத்த நினைத்து ஒரு பிள்ளை ஏதாவது செய்தால் அது அரைகுறையாக இருந்தாலும் அன்போடு ஏற்றுக்கொள்ள வேண்டும். அடுத்தவர் பொருளை, ஒரு குண்டூசியானாலும், தொடக் கூடாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். கடைசி விதி பிரமாதமானது: நன்றாக வாசிக்கத் தெரியும் வரை எந்தப் பெண் பிள்ளைக்கும் தையல் முதலான வேலைகளைப் பழக்கக் கூடாது. பெண்ணுக்கு ஊசி போதும், புத்தகம் எதற்கு என்று ஊரே நினைத்த காலத்தில் எழுதப்பட்ட விதி இது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயப்படவும், அழுதால் சத்தம் வராமல் அழவும் பிள்ளைகள் பழக்கப்படுத்தப்பட்டார்கள். பிள்ளையின் பிடிவாதத்தை முதலில் அடக்க வேண்டும், பக்தியெல்லாம் அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கும் என்பது சூசன்னாவின் உறுதியான எண்ணம். இன்றைக்குப் படிக்கும்போது மனசு சங்கடப்படுகிறது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது, ஏனென்றால் இந்தக் காலத்திலும் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

1709 பிப்ரவரியில் ஓர் இரவு வீடு தீப்பற்றி எரிந்தது. எல்லோரும் வெளியே ஓடிவந்த பிறகுதான் ஐந்து வயது ஜான் மாடியில் மாட்டிக்கொண்டது தெரிந்தது. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாகப் பையனை இறக்கினார்கள். வீடு போனது, கூடவே பள்ளிக்கூடமும் போனது. புது வீடு எழும் வரை பிள்ளைகள் பல வீடுகளில் பிரிந்து தங்க, கண்ட பாட்டு, கண்ட பேச்சு எல்லாம் ஒட்டிக்கொண்டன. திரும்பச் சேர்ந்ததும் சூசன்னா முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. பிரிந்திருந்த அந்த நாட்களில் மகள் சூக்கிக்கு விசுவாசப் பிரமாணத்தை விளக்கி ஒரு நீண்ட கடிதமே எழுதினார், 1710 ஜனவரியில். பாடப்புத்தகம் இல்லாத குறையை அம்மாவே எழுதித் தீர்த்திருக்கிறார்.

இதுவரை உள்ளது எல்லோரும் சொல்லும் கதை. இனி வருவது தரங்கம்பாடியில் ஆரம்பிக்கிறது.

1706 ஜூலையில் டென்மார்க் அரசர் அனுப்பிய இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். ஒருவர் சீகன்பால்க், இன்னொருவர் புளூட்சோ. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகிய சீகன்பால்க்குக்கு அப்போது 24 வயது. பின்னாளில் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் அவர்தான். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு 1709-ல் லண்டனில் புத்தகமாக வந்தன. அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்று எப்வர்த்தில் சாமுவேல் வெஸ்லியின் படிப்பறைக்கு வந்து சேர்ந்தது.

மூத்த மகள் எமிலியா அதைக் கண்டெடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். சூசன்னா உலுக்கப்பட்டார். பல நாள் வேறு நினைப்பே இல்லை என்று கணவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். கடிதத்தின் தேதி 1712 பிப்ரவரி 6. நான் ஆண் இல்லை, போதகரும் இல்லை, ஆனாலும் இப்போது செய்வதைவிடக் கூடுதலாக எதையாவது செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? வீட்டிலிருந்துதான். ஒவ்வொரு நாள் இரவும் ஒரே ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது என்று முடிவெடுத்தார். திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி (ஜானுக்கு வீட்டுப் பெயர்), வெள்ளி மார்த்தா, சனி சார்லஸ். ஞாயிறு மட்டும் எமிலியாவும் சூக்கியும் சேர்ந்து.

இது பாடம் இல்லை. ஒப்புவிக்க வேண்டியது எதுவும் கிடையாது, பிரம்பும் இல்லை. அந்தப் பிள்ளை மனசில் என்ன ஓடுகிறது, எதற்குப் பயப்படுகிறது, கடவுளைப் பற்றி என்ன நினைக்கிறது என்று கேட்பதற்கான நேரம். அத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மா தனியாகக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். தரங்கம்பாடி மணலிலிருந்து புறப்பட்ட ஒரு செய்தி இங்கிலாந்தின் சதுப்பு நிலத்து ஊர் ஒன்றில் ஓர் எட்டு வயதுப் பையனுக்கு வாரம் ஒரு மாலையை வாங்கிக் கொடுத்தது. நம்மூர் வரலாற்றுப் புத்தகங்களில் இது இடம்பெறாதது ஆச்சரியம்தான்.

அதே குளிர்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கணவர் திருச்சபைக் கூட்டத்துக்காக லண்டனில் இருந்தார். ஞாயிறு மாலைகளில் சூசன்னா பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஜெபமும் பிரசங்க வாசிப்பும் நடத்த, அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து கூட்டம் 200-ஐத் தொட்டது. உதவிப் போதகருக்குப் பொறுக்கவில்லை, லண்டனுக்குப் புகார் போனது. நிறுத்திவிடலாமே என்று கணவர் எழுத, ஆலோசனையாகச் சொல்லாதீர்கள், கட்டளையாகவே போடுங்கள், அப்போதுதான் கடைசி நாளில் கடவுளுக்கு முன் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையதாக இருக்கும் என்கிற அர்த்தத்தில் பதில் போட்டார் அந்த அம்மா. பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். குணத்தைப் பற்றிய பாடங்களில் இதுவும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

1714-ல், பத்து வயதில், ஜான் லண்டனில் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அண்ணன் சாமுவேலும் தம்பி சார்லஸும் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி. மூவருமே பிறகு ஆக்ஸ்ஃபோர்டு. ஆகவே 'வீட்டிலேயே படித்த ஜான் வெஸ்லி' என்பது பாதி உண்மை. ஆண் பிள்ளைகளுக்கு வீட்டுப் பள்ளி என்பது அஸ்திவாரம், அதன்மேல் கட்டடம் வெளியே எழும்பியது. பெண்களுக்கு அந்த வீட்டுக்கு மேல் பள்ளிக்கூடமே கிடையாது.

1732-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்த ஜான், அம்மாவிடம் கடிதங்களில் இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, பிள்ளைகளை வளர்த்த முறையை எழுதித் தரும்படி. ஜூலையில் அம்மா தயங்கித் தயங்கி எழுதித் தந்தார். மேலே சொன்ன விதிகள் எல்லாம் வருவது அந்தக் கடிதத்திலிருந்துதான். அதில் அவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறார்: பிள்ளைகளின் ஆத்துமாவுக்காகத் தன் இளமையில் இருபது வருஷத்துக்கு மேல் கொடுக்க யார் முன்வருவார்கள்? முறையை எழுதிவிடலாம், அதன் விலை அதுதான் என்கிறார். இரண்டாவது, ஜான் அந்த வருஷம் பிப்ரவரியிலேயே கேட்டிருந்தது. சின்ன வயதில் எனக்குத் தந்த அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்சத்தை இப்போதும் எனக்காகச் செலவிட முடியுமா, அன்று என் அறிவுக்கு உதவிய மாதிரி இன்று என் மனதுக்கு உதவும் என்று. 28 வயது ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் இப்படிக் கேட்கிறார்!

ஊர் உலகம் பிடித்துக்கொண்டது முறையை. 1742-ல் சூசன்னா இறந்தபோது அந்தக் கடிதத்தை ஜானே தன் நாட்குறிப்பில் சேர்த்து அச்சிட்டார். பிறகு அம்மாவின் முறையை நிறுவனமாக்கவும் பார்த்தார். 1748-ல் கிங்ஸ்வுட்டில் ஒரு விடுதிப் பள்ளி. காலை நான்கு மணிக்கு எழ வேண்டும், விளையாட்டு கிடையாது, விடுமுறை கிடையாது. விதிகள் எல்லாம் இருந்தன. ஆனால் அந்தப் பள்ளி அவருக்குக் கொடுத்த தலைவலி கொஞ்சமில்லை, தான் எடுத்த வேறெந்த முயற்சிக்கும் இவ்வளவு பணமும் நேரமும் கவலையும் போனதில்லை என்று நொந்து எழுதியிருக்கிறார். வியாழக்கிழமையை அட்டவணையில் போட முடியாது போலும்.

சரி, செவ்வாய்க்கிழமைக்காரியின் கதை என்ன?

ஹெட்டி 1697-ல் பிறந்தவள். எட்டு வயதில் கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டை வாசித்தாள் என்கிறார்கள். கவிதை எழுதுவாள், கிண்டல் பேசுவாள், வீட்டிலேயே கெட்டிக்காரி. ஆனால் அந்தக் கிரேக்கத்தை வைத்துக்கொண்டு போகிற இடம் அவளுக்கு எதுவும் இல்லை. அப்பாவுக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், வேறு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம். விரும்பியவரை மணக்க அப்பா விடவில்லை. 1725-ல் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்ன ஒருவரோடு வீட்டைவிட்டுப் போய், கல்யாணம் ஆகாமலே திரும்பி வந்தாள், கர்ப்பிணியாக. அப்பா முகம் பார்க்க மறுத்தார். சில மாதங்களுக்குள் வில்லியம் ரைட் என்ற குழாய் வேலைக்காரருக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். படிப்பிலும் மனசிலும் எந்தப் பொருத்தமும் இல்லை. அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவிடம் எதிர்த்துப் பேசியவள் மாலி ஒருத்திதான் என்று குடும்ப வரலாறு சொல்கிறது. எழுத்துப் படிக்க ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டாளே, அதே மாலி.

ஒரு தப்புக்கு இரண்டு முறை தண்டனை இல்லை, பிறகு சொல்லிக் காட்டக் கூடாது. இது அந்த வீட்டின் சட்டம். ஹெட்டி தப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். 1735-ல் சாகும் வரை அவர் மனசு இறங்கவில்லை. அம்மாவும் அன்றைக்கு மகள் பக்கம் நிற்கவில்லை. 1726-ல் பக்கத்து ஊரான ரூட்டில், அப்பாவின் பொறுப்பிலிருந்த ஆலயத்திலேயே, தப்பு செய்தவர்களிடமும் அன்பு காட்ட வேண்டும் என்று பிரசங்கம் செய்தார் 23 வயது ஜான். யாரை மனதில் வைத்துப் பேசுகிறான் என்று அப்பாவுக்குப் புரிந்தது. கோபம்தான் வந்தது.

இந்த இடத்தை எளிதாகத் தாண்டிப் போக முடியவில்லை. விசுவாசம், குணம் என்று இரண்டு நோக்கங்களைச் சேர்த்தே சொல்கிறோம். எப்வர்த்தில் விசுவாசத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் இரக்கம் என்ற குணம் தேவைப்பட்ட நாளில் பெரியவர்கள் விசுவாசத்தை வைத்தே கதவைச் சாத்தினார்கள், பிள்ளைகள்தான் அதே விசுவாசத்தை வைத்துக் கதவைத் தட்டினார்கள். அந்த வகையில் சூசன்னாவின் பள்ளி தோற்றதா ஜெயித்ததா என்று கேட்டால், பிள்ளைகளிடம் ஜெயித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வெற்றிக்கான விலையை ஹெட்டி கொடுத்தாள்.

வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரியாது, தட்டிக் கேட்க ஆளும் இருக்காது என்பதுதான் அன்றும் இன்றும் பிரச்சினை. அமெரிக்காவில் வீட்டிலேயே படித்து வளர்ந்த இளைஞர்கள் சிலர் 2013-ல் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டுக்கல்வியைத் தடைசெய் என்று அவர்கள் கேட்கவில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளையை வெளியாள் ஒருவராவது அவ்வப்போது பார்க்கும்படி சட்டத்தில் வழி வேண்டும் என்றார்கள். பெற்றோர் சங்கங்களில் பல இதைத் தங்கள் உரிமையில் கைவைப்பதாகப் பார்க்கின்றன. இரண்டு பக்கமும் தேடினால் சூசன்னாவின் கடிதத்திலிருந்து ஆளுக்கொரு விதி கிடைக்கும்.

ஜான் வெஸ்லியின் வழிவந்தவர்கள் 1814-ல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார்கள். சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லி பெயரிலேயே பள்ளி இருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து எப்வர்த்துக்குப் போனது ஒரு நூறு வருஷம் கழித்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கே பள்ளிக்கூடமாகத் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பள்ளிகளின் சுவரில் ஜானின் படம் இருக்கலாம். ஹெட்டியின் படம் இருக்க வாய்ப்பில்லை.

ஹெட்டி லண்டனில் கணவரின் ஈயப் பட்டறையை ஒட்டிய வீட்டில் வாழ்ந்தாள். பிறந்த குழந்தைகள் ஒன்றும் தங்கவில்லை, ஈயப் புகைதான் காரணம் என்று அவள் நம்பினாள். சாகக் கிடந்த குழந்தைக்காக அவள் எழுதிய கவிதை இன்றும் தொகுப்புகளில் இருக்கிறது. 1750 மார்ச்சில் அவள் இறந்தாள். கடைசி நாட்களில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்ததும், பிறகு அடக்கத்துக்குக் கூடவே நடந்ததும் தம்பி சார்லஸ். அம்மாவின் பட்டியலில் சனிக்கிழமைக்காரர்.